மூன்றாவது நாள் பாடிய பறவை

பாதர்ஸ்ட், 2 செப்டம்பர் 1991

அன்புள்ள நெரிடா,

இரண்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பையில் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்ததற்கு நன்றி.

நவம்பரில் டவுன் ஹாலில் என் இசையை வாசிக்கிறார்கள். நான்கு பகுதிகள்: ஆறு, உப்பளம், முள்காடு, பறவை. நாம் பிக்கப் வண்டியில் சுற்றிய அந்த மேற்குப் பக்கம்தான். வாசிப்பவர்களுக்குப் பின்னால் திரையில் நீ எடுக்கும் படங்கள் வர வேண்டும் என்று கேட்டேன், கச்சேரிக் குழு ஒத்துக்கொண்டது. ஒத்திகை ஒலிநாடாவையும், அப்போது நான் பதிவுசெய்த பறவைக் குரலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மறுபடி அந்தப் பக்கம் போ, ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டே ஓட்டு, எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்திப் படம் எடு.

ஒரே ஒரு நிபந்தனை. பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எழுது. என் கடைசிக் கச்சேரியில் செல்லோ முழுக்கச் சுருதி விலகியிருந்தது. காதில் விழாததால் எனக்குத் தெரியவில்லை. நீ "நன்றாக இருந்தது" என்றாய். மறுநாள் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நாம் பிரிந்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

தொலைபேசி எனக்கு இனி உதவாது. கடிதம் போடு.

க்ளைவ்

---

வில்கானியா, 14 செப்டம்பர்

அன்புள்ள க்ளைவ்,

உன் நிபந்தனையைப் படித்துவிட்டு இரண்டு நாள் வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன். பிறகு வண்டியைக் கிளப்பினேன்.

ஆற்றில் ஆறு இல்லை. பச்சை நிறத்தில் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. பெட்ரோல் பங்க் நடத்தும் மேவிஸிடம் மழை எப்போது பெய்தது என்று கேட்டேன். "போன வருஷம் ஒரு செவ்வாக்கிழமை பெஞ்சுது கண்ணு. நான் உள்ளே சிப்ஸ் பொரிச்சுக்கிட்டு இருந்தேன், பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

கரையில் வண்டியை நிறுத்தி உன் முதல் பகுதியைப் போட்டேன். செல்லோ இழுக்கிற இடம் வரும்போது வெயில் மரங்களின் அடிவேரைத் தொட வேண்டும் என்று தோன்றியது. அதற்காக ஐந்து மாலை உட்கார்ந்தேன், ஐந்தாம் மாலை தொட்டது. என் வாழ்நாளில் ஒரு படத்துக்காக இவ்வளவு பொறுமையாக நான் இருந்ததில்லை, அது உனக்கே தெரியும்.

கேட்டது: ஈ, தூரத்தில் ஒரு ஜெனரேட்டர், என் வயிறு. இது போதுமா?

நெரிடா

---

ஒயிட் கிளிஃப்ஸ், 29 செப்டம்பர்

க்ளைவ்,

பறவை கிடைத்துவிட்டது! நீ குரலைப் பதிவுசெய்த அதே மரம்தான், அங்கே இன்னும் கசாப்புக்குருவி குடியிருக்கிறது. இரண்டு நாள் முகமே காட்டவில்லை. மூன்றாவது நாள் தானாக வந்து, லென்ஸுக்கு நேரே கிளையில் உட்கார்ந்து அலகைத் திறந்து பாடியது. அலகின் நுனியில் இருந்த ஈரம்கூடப் படத்தில் தெரியும்.

ஃபிலிம் சுருளைக் கழுவ அனுப்பியிருக்கிறேன், படம் நேராக உனக்கே வரும்.

நெரிடா

---

பாதர்ஸ்ட், 8 அக்டோபர்

அன்புள்ள நெரிடா,

படம் வந்தது. குழுவில் அது கைக்குக் கை மாறியது. அதையே சுவரொட்டியாக அடித்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

நான் அந்த மரத்தடியில் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ஜோடிக்காகப் பாடும்போது அது தலையைத் தூக்கிக் கண்ணைச் செருகிக்கொள்ளும். இந்தப் படத்தில் இறக்கையைத் தொங்கவிட்டுக் கழுத்தை முன்னால் நீட்டியிருக்கிறது. வீட்டுக்குள் அந்நியன் புகுந்துவிட்டான் என்று தெரிந்தால்தான் அது அப்படி நிற்கும்.

யார் அந்த அந்நியன், நெரிடா? ஒரு முறைதான் கேட்பேன்.

க்ளைவ்

---

வில்கானியா, 17 அக்டோபர்

க்ளைவ்,

நீ பதிவுசெய்த குரல்தான் அந்நியன். அந்த ஒலிநாடாவை மரத்தடியில் நான்தான் போட்டேன்.

கூட்டில் முட்டை இருந்தது எனக்குத் தெரியும். கூடு கட்டும் பருவத்தில் குரலைப் போட்டு அழைக்கக் கூடாது என்று வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரே ஒரு தடவை என்று ஆரம்பித்துப் பதினொரு தடவை போட்டேன். இல்லாத எதிரியைத் தேடி ஆண் பறவை மரம் மரமாகப் பறந்தது. பெண்ணும் கூட்டை விட்டுப் பின்னாலேயே போனது. அந்த நேரத்தில் காக்கைகள் வந்துவிட்டன. நான் அப்போதும் படம்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே போய்ப் பார்த்தேன், கூடு காலி. உனக்கு எழுதும்போது எல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

மேவிஸிடம் சொல்லி அழுதேன். "என்கிட்ட அழுது என்னடி ஆகப் போவுது? கேட்டவன்கிட்ட சொல்லு" என்று டீயை முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சுவரொட்டியைக் கிழிக்கச் சொல். கச்சேரிக்கு நான் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நெரிடா

---

பாதர்ஸ்ட், 25 அக்டோபர்

நெரிடா,

சுவரொட்டிகளை நானே போய்க் கிழித்தேன். காரணத்தைக் குழுவிடம் சொன்னேன். "படம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வீணாக்குறே?" என்று ஒருவன் காகிதத்தில் எழுதிக் காட்டினான். உன் மேல் இருந்த கோபமெல்லாம் அவன் மேல் பாய்ந்தது.

உன் மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இப்போது எனக்கு எதுவுமே கேட்பதில்லை. காதுக் கருவியை மாட்டினால் ரயில் போகும் அதிர்வு மட்டும் தெரியும். நான்காம் பகுதியை முழுக்கக் காகிதத்தில்தான் எழுதினேன். இங்கே எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நான் எழுதியது இசையா குப்பையா என்று யாரைக் கேட்பது?

நீ என்னிடம் இரண்டு முறை பொய் சொன்னாய், ஒரு முறை உண்மை சொன்னாய். மற்றவர்கள் அந்த ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

நவம்பர் ஒன்பதாம் தேதி முழு ஒத்திகை. வந்து கேள். கேட்டதை எழுதிக் கொடு.

க்ளைவ்

---

பாதர்ஸ்ட், 9 நவம்பர், மாலை

அன்புள்ள க்ளைவ்,

இதைக் கதவுக்கடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நீ படிக்கும்போது முகத்தைப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

ஆறு அழகு. வேரைத் தொட்ட அந்த வெயில் செல்லோவிலேயே இருந்தது, படமே தேவையில்லை. உப்பளமும் நன்று. முள்காடு நீளம், பாதியில் பின்வரிசையில் ஒருவர் தூங்கிவிட்டார். பறவையின் தொடக்கத்தில் டிரம் புல்லாங்குழலை அமுக்குகிறது. டிரம்மை எடுத்துவிடு. அதற்குப் பிறகு வருவது நீ எழுதியவற்றிலேயே சிறந்தது. இதில் ஒரு சொல்கூட உன்னைத் தேற்றுவதற்காக இல்லை.

இனி எழுதப்போவதுதான் கஷ்டம். நீ முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். உன் தாளம் அவர்களைவிட வேகமாக இருந்தது. அவர்களுக்கு இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கும்போதே நீ முடித்துவிட்டாய். கண்ணைத் திறக்காமலேயே எழுந்து கைதட்டினாய். அவர்கள் அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், க்ளைவ். இசை நடத்துநர் பதறிப்போய்க் கையை இறக்கினார், எல்லோரும் பாதியிலேயே நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை இன்று யாரும் கேட்கவில்லை.

இதை உன்னிடம் எவரும் சொல்லப்போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

கச்சேரியன்று உன் பக்கத்து நாற்காலியை எனக்கு வை. உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். நான் கையை விடும் வரை எழுந்திருக்காதே.

நெரிடா