பின்சக்கரத்துக்குக் கெட்டி ரிம்

ஏங்க, எழுப்ப மனசு வரல. அடுப்பு மேல சாப்பாடு இருக்கு. இன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிடுங்க.

சைக்கிள் கடைக்காரர் பார்க்கக் கொடுத்த ரெண்டு ரிம்மையும் மாவு நிறுக்கிற தராசுல வெச்சுப் பார்த்தேன். நீங்க சொன்னதுதான் லேசு, ஒத்துக்கறேன். அது முன்சக்கரத்துக்கு இருக்கட்டும். நம்ம மலை சைக்கிளுக்குப் பின்னாடி அதிர்ச்சி தாங்கற ஷாக் அப்சார்பர் கிடையாது, கல்லுல விழற அடியெல்லாம் பின்சக்கரத்துக்குத்தான். அதனால அங்க நான் சொன்ன கெட்டி ரிம். மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். பூட்டுச் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால.

நேத்து நான் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதை மறந்துடுங்க.

பி.கு. உங்க தொப்பையாலதான் பழைய ரிம் நெளிஞ்சுதுன்னு ஒரு வாரமா உங்களுக்கு அரை வயித்துக்குத்தான் போட்டேன், இல்லையா? போன ஞாயித்துக்கிழமை நீங்க தூங்கும்போது பூங்கா படிக்கட்டுல சைக்கிளை இறக்கினது நான்தான். பதினாலு படி. விழவே இல்லையே!