குறி போட்ட படகு

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? லாண்டரியில் உட்கார்ந்து தேய்க்கிற மெஷினுக்கு மாற்றிவிடுவதாக மேற்பார்வையாளர் சொன்னாரே, மாற்றினாரா, இல்லை அதுவும் வாய்ப்பந்தல்தானா?

கடலில் தவிக்கிறவர்களைத் தேடும் இந்தக் கப்பலில் என்னை வெங்காயம் உரிக்கத்தான் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது காலை வேளைகளில் மேல்தளத்தில் பார்வைக்கும் நிற்கிறேன். எல்லாம் சமையல்காரர் சிபாரிசு. "மூட்டை மூட்டையா வெங்காயம் உரிச்ச கண்ணு கேப்டன், எதையும் தாங்கும்" என்றார்.

கடலைப் பார்ப்பது லேசான வேலை இல்லை அத்தை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கண்ணே படகு செய்ய ஆரம்பித்துவிடுகிறது. நுரையெல்லாம் தலையாகத் தெரியும். ஒருநாள் நம் வீட்டுக் கொடியில் காய்கிற உங்கள் பிள்ளையின் கட்டம் போட்ட சட்டை தண்ணீர்மேல் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அதனால்தான் அடிக்கடி ஆளை மாற்றுகிறார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. எது தெரிந்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். படகா, மரக்கட்டையா என்று பார்த்தவர் முடிவு செய்யக் கூடாது.

அவர் ஏறிய படகைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. அக்கரையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் வேலை காத்திருக்கிறது என்று ஏறியவர். அதோடு போனும் இல்லை, ஆளும் இல்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன வாரம் ஒரு ஆணின் உடல் கரை ஒதுங்கியது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். உயரம் அவர் உயரம்தான். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. உள்ளங்கையில் அவருக்கு இருக்கிற சூட்டுத் தழும்பைத் தேடினேன். கடல் கைத்தோலைக்கூட விட்டுவைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார்கள். கூடப் படுத்து எழுந்தவள் நான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை அத்தை.

பெற்றவளின் எச்சில் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாமாம். கட்டிக்கொண்டவள் எச்சில் இதற்கு உதவாதாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே எடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு முடிவு தெரிந்தால் போதும்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

அன்பு மருமகளுக்கு,

அத்தை கோபத்தோடு எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உட்காருகிற மெஷினை மேற்பார்வையாளர் தன் மச்சினிக்குக் கொடுத்துவிட்டார். நான் நின்றபடியே ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிறேன். ஆவியில் எதிரில் நிற்கிற ஆள் தெரிவதில்லை. அதுவும் நல்லதுதான், யார் மூஞ்சியையும் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

எச்சில் கேட்கிறாய். தரமாட்டேன்.

அவன் தினமும் வருகிறான், தெரியுமா உனக்கு? விடிகிற நேரத்தில் சமையலறை வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறான். "அம்மா, துண்டு" என்கிறான். மெஷினிலிருந்து எடுத்த சூடு ஆறாத துண்டைக் கொடுக்கிறேன். துடைக்கத் துடைக்க ஈரம் போக மாட்டேன் என்கிறது. பாதி துடைக்கும்போதே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிறான், தூங்குமூஞ்சி. செத்தவன் துண்டு கேட்பானா? நீயே சொல்.

நான் எச்சிலைக் கொடுத்து, அவர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால், அவனை என் கையால் கொன்றது போல ஆகும். பெற்ற வயிறு இது. உனக்கு முடிவு வேண்டும், எனக்குப் பிள்ளை வேண்டும்.

நீ அங்கே போய் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையைக் கடல் கொண்டுபோயிற்று, மருமகளைக் கப்பல் கொண்டுபோயிற்று. எனக்கு மிச்சம் நாலு சுவர். வெடுக்கென்று பேச ஒரு ஆள் இல்லாமல் நாக்கு துருப்பிடிக்கிறது.

இதையெல்லாம் போனில் சொன்னால் என்ன என்று கேட்காதே. போனை எடுத்தால் அழுகை முந்திக்கொள்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கோபம் வந்து சேர்ந்தது. இனிமேல் எச்சில் கேட்க மாட்டேன். உங்களைக் கட்டாயப்படுத்த நான் யார்? அவர் உங்கள் கனவுக்கு வருகிறார், என் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வேறு சமாச்சாரம் எழுதுகிறேன். இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு படகிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டதும், அந்தக் காலிப் படகின் பக்கவாட்டில் ஆரஞ்சு பெயின்டால் பெரிய பெருக்கல் குறி போட்டு விட்டுவிடுவார்கள். இதைப் பார்த்தாகிவிட்டது, வீணாகத் திரும்பாதீர்கள் என்று மற்ற கப்பல்களுக்குச் சேதி. டீசலுக்கும் நேரத்துக்கும் அவ்வளவு பஞ்சம்.

போன வெள்ளிக்கிழமை நான் பார்வையில் நின்றேன். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு படகு அந்தரத்தில் மிதந்தது. ஆரஞ்சுக் குறி பளிச்சென்று தெரிந்தது. "குறி போட்ட படகு" என்று கத்தினேன். கப்பல் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் தாண்டியதும், படகின் விளிம்புக்கு மேலே ஏதோ வெள்ளையாக எழும்பி அடங்கினது போல இருந்தது. கொடியில் காய்ந்த சட்டை நினைவுக்கு வந்தது. கண்ணின் சேட்டை என்று நினைத்தேன். ஆனால் முடிவு செய்வது என் வேலை இல்லையே. "உள்ளே ஏதோ அசையுது" என்றேன். "குறி போட்டாச்சும்மா, அதுல யாரும் இருக்க மாட்டாங்க" என்றார் கேப்டன். "இருக்காங்களோ இல்லையோ, அசையுது" என்று மறுபடியும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்.

மூன்று பேர் அத்தை! அடியில் சுருண்டு கிடந்தார்கள். அவர்கள் வந்த படகு உடைந்து, நீந்திக்கொண்டிருந்தபோது இந்தக் காலிப் படகு மிதந்து வந்திருக்கிறது. ஏறிவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு கப்பல் குறியைப் பார்த்துவிட்டு அப்படியே போயிருக்கிறது. அந்த மூன்று பேரில் ஒரு பெண் என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. கேப்டன் அன்று சாப்பிடவில்லை. இப்போது குறி இருந்தாலும் கிட்டே போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறோம்.

அவர்களுக்கு நம் ஆளைத் தெரியவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அந்த மெஷினுக்காக மேற்பார்வையாளரோடு சண்டை போடுங்கள். உங்கள் வாய்க்கு அதெல்லாம் ஜுஜுபி.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 14

அன்பு மருமகளுக்கு,

கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை ஆவிக்கு நடுவில் நின்று படித்தேன். மூன்று பேர் பிழைத்தார்கள் என்றதும் முதலில், பார்த்தாயா, என் பிள்ளையும் இப்படித்தான் எங்கோ சுருண்டு கிடப்பான் என்று நினைத்தேன். அப்புறம் சுருக்கென்று ஒன்று தைத்தது. பிணவறையில் கிடக்கிற அந்தப் பையனுக்கு நானும்தானே குறி போட்டுவிட்டேன்? என் பிள்ளை இல்லை, போங்கள் என்று, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல்.

என் பிள்ளை இல்லை என்றால் அவன் வேறு ஒருத்தி பிள்ளை. அவளும் என்னைப் போலவே எங்கோ உட்கார்ந்து அடம் பிடித்துக்கொண்டிருப்பாள். ரெண்டு பேரும் மாட்டேன் மாட்டேன் என்றால், நடுவில் கிடக்கிறவன் கதி என்ன?

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், பஞ்சு சுற்றிய குச்சியோடு வந்து "வாயை நல்லாத் திறங்கம்மா" என்றாள். இத்தனை வருஷமாக எல்லாரும் இந்த வாயை மூடவைக்கத்தான் பாடுபட்டார்கள், திறக்கச் சொன்னவள் நீ ஒருத்திதான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கன்னத்துக்குள் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். வெளியே வந்து மரத்தடியில் நின்று வாந்தி எடுத்தேன்.

பதில் என்னவானாலும் நீயே எழுது. வேறு யார் வாயிலிருந்தும் எனக்கு வர வேண்டாம்.

உன் அத்தை


மே 20

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை! அவர் இல்லை அத்தை! பொருந்தவில்லை!

காலையில் பிணவறைக் காவலர் ஆள் அனுப்பினார். காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் துறைமுகம் நெடுக ஓடினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். முடிவு தெரிந்தால் போதும் என்று உங்களுக்கு எழுதியவள்தான் நான். இன்றைக்குத்தான் தெரிந்தது, அது சுத்தப் பொய். எனக்கு முடிவு வேண்டாம், அவர்தான் வேண்டும்.

நேற்றிரவு அவர் முதல்முறையாக என் கனவில் வந்தார். நனையவே இல்லை. யார் வீட்டு ஃபிரிட்ஜையோ பிரித்துப் போட்டுவிட்டு அதன் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னதுதான் சரி அத்தை. எங்கோ இருக்கிறார்.

அந்தப் பையனைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. ஜூன் இருபதாம் தேதி ஊருக்கு வெளியே அடக்கம் செய்துவிடுவார்களாம். அன்று எங்கள் கப்பல் கிளம்புகிறது. மனசு கேட்கவில்லை, ஆனால் பார்வைக்கு ஆள் குறைவு.

நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 2

அன்பு மருமகளுக்கு,

நீ ஓடினாய் என்று எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டு அழுக்குத் துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திட்டாதே.

எச்சில் கொடுத்த மறுநாளிலிருந்து அவன் வருவது நின்றுபோயிற்று. சமையலறைத் தரை காய்ந்து கிடந்தது. முதலில் பயந்தேன். அப்புறம் அந்தக் குளிர்ந்த அறையைப் பற்றி நினைக்க ஆரம்பித்தேன். குளிர்பெட்டிகளோடு மாரடித்தவன், கடைசியில் குளிரிலேயே படுத்திருக்கிறான், எழுந்திருடா என்று யாரும் உலுக்க மாட்டார்கள், தூங்கட்டும் என்று மனசு மெல்ல ஆறிப்போயிற்று. அவன் சாவுக்கு அழ வேண்டிய அழுகையை எல்லாம் மெஷின் சத்தத்தில் ஒளிந்துகொண்டு அழுது தீர்த்துவிட்டேன். இப்போது வந்து, அது உன் பிள்ளை இல்லை என்றால், அழுததை எல்லாம் நான் எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பேன்?

நீ தேடு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் முதலிலிருந்து இன்னொரு தரம் காத்திருக்க எனக்குத் தெம்பில்லையம்மா. என் பிள்ளையை நான் அந்தப் பிள்ளையோடு சேர்த்து மண்ணுக்குள் வைக்கப் போகிறேன். நாளைக்கே அவன் உயிரோடு வந்து கதவைத் தட்டினால் செருப்பால் நாலு சாத்திவிட்டு அப்புறம் கட்டிக்கொள்கிறேன். அது வேறு கணக்கு.

அடக்கத்துக்கு அங்கே வர லீவு கேட்டேன். "யாரும்மா செத்தது?" என்றார் மேற்பார்வையாளர். "என் பிள்ளை" என்றேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். நானே தேய்த்த வெள்ளை விரிப்பு ஒன்று கொண்டுவருகிறேன். அவனைப் பெற்றவள் என்றைக்காவது தேடி வந்தால், யாரோ ஒரு பொம்பளை வந்து நின்று அழுதுதான் அனுப்பினாள் என்று அந்தக் காவலர் அவளிடம் சொல்லட்டும்.

உன்னை வரச் சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றால், நீயும் அவனை விட்டுவிட்டதாக உனக்குத் தோன்றும். அது வேண்டாம். அன்றைக்கும் கடலில் யாராவது இருப்பார்கள், நீ கப்பலில் போ. பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த இடத்துக்கு எப்படி வருவது என்று மட்டும் விவரமாக எழுதிப் போடு. தெரியாத ஊரில் யாரிடமாவது வழி கேட்கப் போனால் நடுத்தெருவில் அழுதுவிடுவேன்.

உன் அத்தை