தெருமுனையில் பதிவான மேளம்

கன்னத்தில் தடவிய சந்தனம் காய்வதற்குள் உன் பாட்டு வந்துவிட்டது. இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் என் தங்கைக்கு வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டிவிட்டு, "மதினி, இது யூகே ராப். ஒரு தமிழ்ப் பொண்ணு பாடினது. இப்ப எல்லா ஃபங்ஷன்லயும் இதுதான்" என்று எனக்கே உன்னை அறிமுகம் செய்தார். வந்திருந்த பெண்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். நான் சிரிக்கவா அழவா, நீயே சொல்லுடி.

அந்தப் பாட்டில் வரும் மேளம் எங்கே அடித்தது என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். உன் அப்பா இறந்தபோது லண்டனிலிருந்து மதுரைக்கு ஓடினாய். தெருமுனை வந்ததும் பெண்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வரக்கூடாதாம். நீ மல்லுக்கட்டிப் பார்த்தாய், நடக்கவில்லை. அங்கேயே நின்று ஃபோனை நீட்டி, சாவு மேளம் தேய்ந்து மறையும்வரை பதிவு செய்தாய். அதை அப்படியே எனக்கு அனுப்பினாய். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை.

பிறகு அதன் மேல் ஆங்கிலத்தில் உன் ராப் ஏறியது. ஈரம் படிந்த சுவரையும் வாடகையை ஏற்றும் வீட்டுக்காரனையும் நீ திட்டிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. காலேஜ் ஹாஸ்டலில் நம் அறை ஜன்னலில் நின்று வார்டனைத் திட்டுவாயே, அதே மூச்சு. லண்டன்காரர்கள் அதைக் கோடைக்கால டான்ஸ் பாட்டு என்று கொண்டாடினார்கள். ஒரு விமர்சகர் மட்டும், எல்லாம் பிரமாதம், கடைசியில்தான் தாளம் சோர்ந்து போகிறது என்று எழுதினார். ரேடியோவில் அந்தக் கடைசியையே வெட்டிவிட்டுப் போட்டார்கள். விமர்சனத்தை எனக்கு அனுப்பி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்தாய்.

"அது உங்கப்பா போறதுடி. சொல்ல வேண்டியதுதானே?" என்று ஃபோனில் கத்தினேன்.

"ஆடட்டும் விடுடி. அழுறதுக்கும் ஆடுறதுக்கும் ஒரே அடிதான். எதுன்னு கால் முடிவு பண்ணிக்கும்" என்றாய். உன் குரலில் இருந்தது சிரிப்பா சலிப்பா என்று அன்றே எனக்குப் பிடிபடவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை.

நீ போனபோது நான் லண்டன் வரவில்லை. என் விசா விவகாரம் பாதியில் கிடந்தது. வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்டதற்கு வக்கீலே கையை விரித்துவிட்டார். உன் இறுதி ஊர்வலத்தை லேப்டாப்பில்தான் பார்த்தேன். கறுப்புக் கார் கேட்டைத் தாண்டியது, கேமரா அங்கேயே நின்றுகொண்டது. எனக்கும் ஒரு தெருமுனை வாய்த்தது பார்.

தங்கைக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. இந்த ஏழு மாதமும் பயந்து பயந்துதான் நடந்தாள். அவளுடைய வளைகாப்பில் சாவு மேளம்! ஊராக இருந்தால் ஸ்பீக்கரையே உடைத்திருப்பார்கள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவளோ உட்கார்ந்தபடியே வளையல் குலுங்கக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. சொன்னால் பழைய பயம் திரும்பிவிடும். சொல்லாமல் விட்டு, நாளை ஏதாவது ஆகிவிட்டால்? உன் மீதுதான் கோபம் வந்தது.

மேளம் தேய ஆரம்பித்தது. "இதுக்கு மேல ஒண்ணும் இல்ல மதினி, அடுத்த பாட்டைப் போடவா?" என்று தங்கை வீட்டுக்காரர் ஃபோனை எடுத்தார்.

"இருங்க தம்பி. இன்னும் முடியல."

நிறுத்த நினைத்தவளும் நான்தான், இப்படிச் சொன்னவளும் நான்தான். ஏனென்று கேட்காதே. ஆடியவர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். உன் அப்பா போய் மறையும்வரை நான் நின்றேன். கூடவே நீயும் போய்க்கொண்டிருந்தாய்.

"அக்கா, என்ன அப்படியே நிக்கிற? இங்க வா, உதைக்குது பாரு" என்று தங்கை என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். நல்ல உதை.

நான் செய்தது சரியா என்று இன்றுவரை விளங்கவில்லை. தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வேனா என்றும் தெரியவில்லை. கால் முடிவு பண்ணும் என்றாயே, அந்தச் சின்னக் கால் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.