சீசாவின் அடியில் இருந்த உறை

மொன்றியல்,
மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வசந்தகுமாரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. போன வாரம் சனிக்கிழமை எங்கள் சமையல்கட்டில் வந்து நின்றவர்கள் உன் அண்ணன் ஆனந்தகிருஷ்ணன், உன் மதினி வசுமதி, அண்ணனோடு காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிற குணசீலன், கீழ்வீட்டு மதாம் பெலாஞ்சே, அப்புறம் நான். யாரும் விட்டுப்போகவில்லை, யார் எந்த இடத்தில் நின்றார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் கோவில்பட்டியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முருகனை நினைத்துக்கொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு மட்டும் இருமல் விடவில்லை, சுக்குமல்லிக் கஷாயம் போட்டு ஜாடியில் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கஷாயத்தால்தான் இவ்வளவும் வந்தது.

வெளியே இன்னும் பனிதான். ஜன்னலுக்கு வெளியே தெருவே இல்லை, எல்லாம் வெள்ளையாக மூடிக்கிடக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வீட்டுக்குள் ஒரு பால் நிறம் நிற்கிறது. காலையா சாயங்காலமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கீழ்வீட்டு மதாமைப் பற்றி முன்னே எழுதியிருக்கிறேன், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை பார்த்த ரொஷே என்பவரின் பெஞ்சாதி. அவர் போன மாசியில் போய்விட்டார். அவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர். நம் வீட்டு வழக்கத்துக்கு அந்தப் பேச்சே ஆகாது என்று உனக்குத் தெரியும், உன் அண்ணனும் அவரிடம் கற்றுக்கொண்டு காய்ச்ச ஆரம்பித்தபோது நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். ஆனால் அதிலும் ஒரு உறை இருக்கிறது வசந்தா. ஈஸ்ட் என்கிறார்கள். நம் உறைமோர் மாதிரியேதான், போன தடவையில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த தடவைக்கு ஊற்றுவது. ரொஷேயுடைய அப்பா கடலோரத்து ஊரிலிருந்து கொண்டுவந்த உறையாம், அவர் காலத்திலிருந்து ஒருநாளும் விட்டுப்போகவில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு உன் பெரிய அத்தை ஞாபகம்தான் வந்தது. விளக்கு வைத்தபிறகு உறை கொடுக்கக்கூடாது என்று புதுப்பெண்ணான என்னை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினாளே, அப்போது நன்றாக வெளிச்சம் இருந்தது, அவள் விளக்கும் வைக்கவில்லை.

ரொஷே போனதும் உறை நின்றுவிட்டது. அவர் காய்ச்சியதில் மிச்சம் இரண்டு சீசாதான், அவற்றின் அடியில் வெள்ளை வண்டலாக அது படிந்து கிடந்தது. ஒன்றை மதாம் உன் அண்ணனிடம் கொடுத்தாள். இன்னொன்றை அவர் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். திவசத்துக்கு அவருடைய துறைமுகத்துச் சிநேகிதர்கள் வருவார்கள், அவர் உறையிலேயே காய்ச்சி அவர்களுக்குக் கொடுக்கவேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

உன் அண்ணன் பார்லியில் எடுத்த, கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கிற மால்ட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்தான், கை பொறுக்கிற சூட்டுக்கும் கீழே ஆறவிட்டான், சீசாவின் வாயைத் தீயில் காட்டி மேல்பாகத்தை வடித்துவிட்டு அந்த வண்டலை மட்டும் அதில் சேர்த்து, என் கஷாய ஜாடி மாதிரியே இருந்த ஒரு ஜாடியில் ஊற்றிப் பஞ்சால் அடைத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தான். அம்மா, நீ சும்மாதானே உட்கார்ந்திருக்கே, அப்பப்ப ஒரு ஆட்டு ஆட்டிவிடு என்றான். நானும் ஆட்டினேன். முதலில் ஒன்றுமே இல்லை, பழுப்புத் தண்ணீர். பிறகு ஒரு நாள் நான் கண்ணயர்ந்து விழித்தபோது ஜாடியின் ஓரத்தில் மெல்லிசாக நுரை வளையம் கட்டியிருந்தது, அடியிலிருந்து ஒவ்வொரு குமிழாக மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. காதை வைத்தால் சத்தம் கேட்டது வசந்தா, தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி. வெளியே பனி விழுகிறது, உள்ளே இது மூச்சு விடுகிறது, நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். உங்க அப்பாவிடமிருந்து இப்படி ஏதாவது ஒன்று மிஞ்சியிருந்தால் நானும் ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேனே என்று தோன்றியது. மதாமுக்குச் சொல்லியனுப்பினோம், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாள்.

வசுமதிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வாரமாக ராத்திரி டியூட்டி, இந்தச் சங்கதி ஒன்றும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் நான் குளிக்கப் போயிருந்தபோது அவள் சமையல்கட்டைத் துடைத்திருக்கிறாள். ஜாடியைப் பார்த்திருக்கிறாள், அத்தை கஷாயம் நுரைத்துப் புளித்துப்போச்சே, வீணாகப் போகக்கூடாது என்று பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்து நன்றாக ஒரு கொதி விட்டு, திரும்ப ஜாடியிலேயே ஊற்றிவிட்டாள். ரசம் நேரமானால் நாம் கொதி விடமாட்டோமா, அதேதான், யார் வீட்டு மருமகளும் அதைத்தான் செய்திருப்பாள். நான் வந்து பார்த்தபோது ஜாடி அசையாமல் இருந்தது, காதை வைத்தேன், சத்தம் இல்லை, சூட்டில் உறை செத்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அவள் அழுத அழுகையை நான் சொல்லி முடியாது.

குணசீலன் பக்கத்து ஊரான லவாலிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு ஜாடியைப் பார்க்க வந்தான். வந்தவன் சிரித்தான். சரி ஆனந்த், என் காரில் ஈஸ்ட் பாக்கெட் இருக்கு, அதைப் போடுவோம், எல்லாம் ஒரே மாதிரிதான் நுரைக்கும், நுரையில என்ன ரொஷேன்னு பேரா எழுதியிருக்கு என்றான். பாக்கெட்டைக் கொட்டிவிட்டு, பனி இறுகுமுன் போகணும் என்று காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். வசுமதியை டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள். கோட்டை மாட்டிக்கொண்டே, நான்தான் செய்தேன்னு சொல்லிடுங்க, அந்த அம்மாகிட்ட இன்னொரு சீசா இருக்கு, அதிலிருந்து திரும்பப் போட்டுக்கலாம், மறைக்காதீங்க என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள். அவன் தலையை ஆட்டினான், நான் பார்த்தேன்.

மதாம் வந்தபோது ஜாடி பொங்கிக்கொண்டிருந்தது. நீலச் சட்டை, முத்துத்தோடு, உதட்டில் சாயம். கோவிலுக்குப் போவதுபோல வந்திருந்தாள். ஜாடிமேல் குனிந்து மோந்து பார்த்தாள், ரொஷே என்றாள், பிறகு உன் அண்ணனை ஏறிட்டுப் பார்த்து ஏதோ கேட்டாள். உன் அண்ணன் வுய் மதாம் என்றான். வுய் என்றால் ஆமாம், இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த ஒரு வார்த்தைதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய் அந்த இன்னொரு சீசாவைக் கொண்டுவந்தாள். இனி அவர் சீசாவுக்குள் இல்லை, உங்கள் ஜாடிக்குள் வந்துவிட்டார், அதனால் இதை நாம் குடித்துவிடலாம் என்கிறாள் என்று உன் அண்ணன் எனக்குச் சொன்னான், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தாள், மெதுவாகச் சாய்த்து அவனுக்கும் தனக்கும் ஊற்றினாள், எனக்கும் நீட்டினாள். வண்டல் அடியிலேயே நின்றது, வெள்ளையாக, விரல் கனத்துக்கு. அப்பாடா என்றிருந்தது எனக்கு. குடித்து முடித்ததும் சீசாவை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனாள். காய்ச்சுகிறவன் பெஞ்சாதி, காலி சீசாவை உடனே கழுவிவைத்துப் பழகிய கை. நான் எழுந்துவிட்டேன். ஊத்தாதே தாயி, ஊத்தாதே, ஏல ஆனந்தா சொல்லுல அவகிட்ட என்று கத்தினேன். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் என் கன்னத்தைத் தொட்டுச் சிரித்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். வெள்ளை வண்டல் தொட்டியில் ஒரு சுற்றுச் சுற்றியது, வெளியே பனிப்புகை சுற்றுவது மாதிரி மெதுவாக, அவசரமில்லாமல், பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டது. என்னல சொன்னே என்று கேட்டேன். நீ நன்றி சொல்றேன்னு சொன்னேம்மா, சந்தோஷமா இருக்காங்க, விடு என்றான்.

இப்போது மதாம் படியில் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளிடம் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. சொன்னால்தான் இனி என்ன கிடைக்கும். அந்தப் பேச்சையே எடுக்காதே என்று உன் அண்ணன் வசுமதியின் வாயையும் கட்டிவிட்டான், அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே, சின்னவனுக்குத் தலைக்கு மட்டும் போதும். மாப்பிள்ளையை வெயிலில் சைக்கிளில் சுற்றவேண்டாம் என்று சொல். எல்லோரும் நீண்ட ஆயுசோடும் நல்ல மனசோடும் இருக்கவேண்டும். வசுமதிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று நீ எழுதினால் நம்புவாள். குணசீலன் ஊரார் வீட்டுப் பிள்ளை, சிரித்துவிட்டுப் போனான், போகட்டும். நான் மன்னிக்கமாட்டேன் என்றிருப்பது ஒருத்தனைத்தான், நான் பெற்ற ஆனந்தகிருஷ்ணனை.

இப்படிக்கு,
உன் அம்மா
செண்பகவல்லி