கடைசியாகச் சாப்பிடும் அத்தைக்கு

அத்தை,

இன்று காலை என் மருமகள் பழைய இரும்புப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தாள். அடியில் கிடந்த உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து விரித்துப் பார்த்துச் சிரித்தாள். "அத்தை, இதுக்குள்ள ரெண்டு பேரு போலாம் லா! யாரோடது?" பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் விறகுப் புகை இன்னும் இருந்தது. பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இந்தத் தேயிலை மலைக்கு வந்தேன். கீழே ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள், குளிரில் பல் கிட்டிக்கொண்டது. மாமியாராக நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ஏம்புள்ள, எத்தனை பேருக்கு ஒலை வெக்கத் தெரியும்?" நாலு பேருக்கு என்றேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நம் லயத்து வீட்டில் நாம் மூணு பேர்தான். உலையோ எப்போதும் பத்துப் பேருக்கு. உங்கள் மகனோடு கோலா தெர்லாவிலிருந்து கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர்கள், பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள், ஒருமுறை மோட்டார் பழுதாகி வழியில் நின்ற சீனத் தவுக்கே முதலாளி கூட. யாரையும் சாப்பிட்டாயா என்று நீங்கள் கேட்டதில்லை. "கேட்டா ஆச்சுன்னுதான் சொல்லுவான். தட்டை வையி, தானா உக்காருவான்" என்பீர்கள்.

பத்து வயதில் கப்பலில் வந்து இறங்கியது, முப்பது வருஷம் கூடை சுமந்தது, மாமாவை நடுவயதில் இழந்தது, எல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுசாகச் சொன்னது ஒன்றே ஒன்று. "ஜப்பான்காரன் காலத்துல சோறில்லாம மரவள்ளிக் கெழங்கே தின்னு ஒரு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தேன். வந்தவன் வெறும் வயித்தோட போனா எனக்குத் தூக்கம் வராது." சொல்லிவிட்டு ரசம் தாளிக்கப் போய்விட்டீர்கள்.

எல்லோரும் எழுந்த பிறகுதான் உங்கள் சாப்பாடு. நான் காத்திருந்தால் விரட்டுவீர்கள். "நீ தின்னுட்டுப் போய்ப் படு. நான் பின்னாடி பாத்துக்கறேன்." விடியும் முன்னே தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கவேண்டியவள் நான், போய்ப் படுத்துவிடுவேன். நீங்கள் சாப்பிட்டு நான் பார்த்ததே அபூர்வம். எங்கள் அத்தை மாதிரி உண்டா என்று அதையே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். மடச்சி!

எண்பதுகளில் ஒரு தீபாவளி. வருஷாவருஷம் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பவர் நீங்கள். அன்று கிண்ணத்தைத் தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டீர்கள். "குடுங்க, இன்னைக்கு நான் வெக்கிறேன்" என்று உட்காரவைத்து, சால்வையையும் ஸ்வெட்டரையும் கழற்றினேன். ஐயோ! தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. குளிர் ஊர் இல்லையா, மேலுக்கு மேல் போட்டுக்கொண்டு நடமாடியதில் யார் கண்ணிலும் படவில்லை. "வயசாச்சுல்ல, ஒடம்பு வத்தாதா?" என்று மழுப்பினீர்கள். நான் விடவில்லை. ஓர் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தேன். மென்றீர்கள், மென்றீர்கள், விழுங்க முடியாமல் துப்பினீர்கள்.

"அப்ப இத்தனை நாளா தட்டுல போட்ட சோறு?"

"கோழிக்கு" என்றீர்கள், தப்புச் செய்தவர் போல. "சொன்னா நீங்க ஒலையக் கொறைச்சிருவீங்க. வர்றவங்கள வேணாம்னுருவீங்க."

உங்கள் மகன் லோரியில் ஏற்றி, வளைவு வளைவாக இறக்கி, கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "எத்தனை மாசமா முழுங்க முடியல?" டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்படியில் உங்களோடு நின்றவள். எனக்குத் தெரியவில்லை அத்தை. வெட்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். உணவுக்குழாயில் புற்று, காலம் கடந்துவிட்டது, வீட்டுக்கே கூட்டிப் போங்கள் என்றார்.

அதன் பிறகு கஞ்சித் தண்ணீர்தான், கரண்டி கரண்டியாக. பாதி திரும்பி வந்துவிடும். உங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கோ குறைவில்லை. கட்டிலில் கிடந்தபடியே கண்ணால் அடுப்பைக் காட்டுவீர்கள். ஒருநாள் நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு ஒரு வாய் எறங்கல. ஊருக்கு நான் எப்படி ஆக்கிப் போடுவேன்?"

என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "அவங்க திங்கறதப் பாத்தாத்தான் எனக்குப் பசி அடங்குது, தாயி."

ஆக்கினேன். அழுதுகொண்டே ஆக்கினேன். அவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, சாப்பிடவும் முடியாமல் எழவும் முடியாமல் பிசைந்துகொண்டிருக்க, நீங்கள் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். வேறென்ன செய்யத் தெரிந்தது எனக்கு? மார்கழி பிறக்கும் முன்பே போய்விட்டீர்கள்.

நம் வீட்டில் உலை இன்றும் பெரிதுதான். ஆனால் பெண்கள் பின்னால் சாப்பிடும் வழக்கத்தை நான் ஒழித்துவிட்டேன். யார் வந்தாலும் சரி, மருமகள் என் எதிரில் தட்டோடு உட்கார வேண்டும். போன வாரம் அவள் தன் அம்மாவிடம் போனில் குறைப்பட்டுக்கொண்டது காதில் விழுந்தது: "நான் ஒவ்வொரு வாயா முழுங்குறேனான்னு பாத்துக்கிட்டே இருக்காங்கம்மா. ஒரு மாதிரியா இருக்கு லா."

பார்க்கத்தான் செய்கிறேன். அவள் தொண்டை அசைந்த பிறகுதான் அடுத்த கரண்டி போடுகிறேன். இதனால் உங்களுக்கு ஒரு பருக்கைகூட இறங்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அத்தை. இருந்தும் நிறுத்த முடியவில்லை.