புளி போட்டுத் தேய்த்த காசு

என்னங்க,

சிங்கவரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். சாவி எதிர்க்கடை ஜான் பாஷாவிடம் இருக்கிறது. ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டேன். குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

பெருநாளுக்குப் பாத்திரம் தேய்த்த புளியில்தான், பம்பாயிலிருந்து நீங்கள் வரவழைத்த, செலவழிக்காமல் சேர்த்துவைப்பதற்கென்றே அச்சடிக்கும் அந்தப் புரூஃப் காசையும் தேய்த்தேன். சுற்றிலும் கண்ணாடியாக மின்ன, நடுவில் தலை மட்டும் பனி படிந்ததுபோல் வெளுத்திருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். அந்த வெளுப்பும் மினுமினுப்பும் தனித்தனியாகத் தெரிவதுதான் அதற்கு மதிப்பு என்று நேற்று கத்தினீர்கள். "உனக்கு இன்னா தெரியும்?" என்றீர்கள். பெட்டியை எப்போதும் பூட்டியே வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? நேற்றுதான் பூட்ட மறந்தீர்கள்.

காசை வாங்க வரும் பாண்டிச்சேரிக்காரரிடம் தேய்த்ததை மறைக்காதீர்கள். பெருநாளுக்கு வரமாட்டேன்.

தாஹிரா

இன்னொன்று. தேய்த்து முடித்ததும் தலையும் மின்னியது. நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தேன்.