நட்சத்திரத்தோடு நகர்ந்த தூசி

மலை உச்சி, 4 ஜூன் 1999

அன்புள்ள இஸ்மேனியா,

நலமா? நாம் பிரிந்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கிழித்துப் போடாமல் படி.

உன் இளம் நட்சத்திரத்தைத் திரும்பவும் பார்க்க இந்த வானாய்வகத் தொலைநோக்கியில் நேரம் கிடைத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அது கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதைச் சுற்றி நீ கண்ட தூசி வளையம் நிஜமென்றால், கூடவே போயிருக்கும். நான் சொன்னபடி பின்னாலிருக்கும் ஏதோ விண்மீன் மண்டலம் என்றால், நின்ற இடத்திலேயே நிற்கும். நீயும் வாயேன். சமையற்கார எதெல்மிரா அம்மா, "எங்கய்யா உங்க வீட்டம்மா? சண்டை இன்னும் முடியலியா?" என்று தினமும் கேட்கிறாள்.

கீழே கடல் மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்பிவிட்டது. மலையே மிதக்கிற மாதிரி இருக்கிறது.

ஔரேலியோ

லா செரேனா, 9 ஜூன்

ஔரேலியோவுக்கு,

கிழிக்கவில்லை. வரவும் மாட்டேன். அத்தனை பேர் கூடிய சபையில் எழுந்து, "இஸ்மேனியா பாத்தது தூசி இல்ல, ஆசை" என்றாயே, எல்லாரும் சிரித்தார்களே! முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் எதிரில்தானே உட்கார்ந்திருந்தாய்? அங்கேயே சொல்லியிருக்கலாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். விடிந்ததும் நிறுத்திவிடாதே. அகச்சிவப்பு என்பது வெப்பத்தின் ஒளி, அதற்கு இரவும் பகலும் ஏறக்குறைய ஒன்றுதான்; அதில் உன் உள்ளங்கை, தொலைநோக்கியின் கண்ணாடி, காற்று எல்லாமே ஒளிரும். பக்கத்து வெற்று வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, அந்த வேண்டாத ஒளியைக் கழித்துக்கொண்டே இரு. பொறுமை வேண்டும், உனக்குத்தான் அது கிடையாதே.

கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

இஸ்மேனியா

மலை உச்சி, 17 ஜூன்

இஸ்மேனியா,

நகர்ந்திருக்கிறது! வெயில் ஏறும்வரை பார்த்தேன், கழித்தேன். மங்கலாக, மெல்ல எழும்பி வந்தது. நட்சத்திரத்தோடு வளையமும் போயிருக்கிறது.

ஆனால் வளையத்துக்குள் கோள் பிறக்கும் இடம் என்று நீ எழுதிய அந்தப் பிரகாசமான திட்டு மட்டும் அசையவே இல்லை. அது தூரத்து விண்மீன் மண்டலம்தான்.

எதெல்மிரா அம்மா கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு பேரு சொன்னதும் பாதிப் பாதி சரி. இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றாள்.

கட்டுரையில் உன் பெயரை மட்டும் போடட்டுமா? இறங்கி வரும்போது வீட்டுக்கு வரட்டுமா?

உன் ஔரேலியோ

லா செரேனா, 23 ஜூன்

அன்புள்ள ஔரேலியோ,

உன் கடிதத்தோடு கடற்கரையில் வெகுநேரம் நின்றேன். எங்கேயோ ஒரு சூரியனைச் சுற்றி, ஒருநாள் மலைகளாக மாறக்கூடிய பொடி இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை முதலில் பார்த்தவள் நான். நினைக்க நினைக்க உடம்பே லேசாகிவிட்டது. அந்தத் திட்டுக்காக அழவும் அழுதேன்.

இரண்டையும் எழுது. நான் தவறவிட்டதையும் சேர்த்து எழுது.

வீட்டுக்கு வர வேண்டாம். தனியாக இருக்கப் பழகிவிட்டேன், நன்றாகவே தூங்குகிறேன். கட்டுரையில் நம் இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

அங்கே மட்டும்.

இஸ்மேனியா